மூஞ்சி வீங்கினா ஊசியே வேண்டாமா?

அண்ணாச்சி, ‘தடுப்பூசி போட்ட அன்னைக்கே நாய்க்குட்டிக்கு மூஞ்சி வீங்கிட்டு, இனி எந்த ஊசியும் போடாதீங்க, கன்னி, சிப்பிப்பாறை மாதிரி நாட்டு நாய்க்கு அதெல்லாம் தேவையே இல்ல’ன்னு எழுதியிருக்கீங்க. வீங்கினது ஒவ்வாமைதான், அதுல சந்தேகமில்ல. அதுக்கு மேல சொன்னது சரியில்ல.

ஒருநாள் சோர்ந்து படுக்கிறது, லேசான காய்ச்சல், ஊசி போட்ட இடத்துல சின்னக் கட்டி, இதெல்லாம் சாதாரணம். ஒவ்வாமை வேற. உதடும் கண் இமையும் புசுபுசுன்னு வீங்கும். சிப்பிப்பாறை மாதிரி குட்டை முடி நாய்ல விலாப்பக்கம் தடிப்பு தடிப்பா எழும்புறது வெறும் கண்ணுக்கே தெரியும். பெரும்பாலும் சில மணி நேரத்துக்குள்ள வந்துரும். உடனே டாக்டர்கிட்ட போனா மருந்துல அடங்கும். வாந்தி, ஈறு வெளுக்கிறது, மூச்சுத் திணறல், மயங்கி விழுறதுன்னா ஒரு நிமிஷம்கூட தாமதிக்கக் கூடாது. அதனாலதான் ஊசி போட்டதும் அரை மணி நேரம் அங்கேயே இருக்கச் சொல்றது.

பாராசிட்டமால் பொடிச்சுக் கொடுங்கன்னு சொன்னீங்க பாருங்க, அதுதான் பெரிய ஆபத்து. நாயோட கல்லீரலையே கெடுத்துரும்.

குட்டிகளைக் கொல்ற பார்வோ வைரஸ் நோய், நாட்டு நாய், சீமை நாய்னு பார்க்காது. தாய்ப்பால்ல வந்த எதிர்ப்புச் சக்தி இருக்கிற வரைக்கும் ஊசி சரியா வேலை செய்யாது. அது எப்போ குறையும்னு சொல்ல முடியாததால, 16 வார வயசு வரைக்கும் சில வார இடைவெளியில திரும்பப் போடுறாங்க. வெறிநாய்க்கடி ஊசியை விட்டா வீட்டுல இருக்கிறவங்களுக்கும் ஆபத்து.

அடுத்த ஊசிக்கு முன்னாடி தடுப்பூசி அட்டையில ஒட்டியிருக்கிற மருந்துப் பேரையும் பேட்ச் நம்பரையும் டாக்டர்கிட்ட காட்டுங்க. முன்கூட்டியே ஒவ்வாமை மருந்து கொடுக்கலாமா, ரெண்டு ஊசியைத் தனித்தனி நாள்ல போடலாமான்னு அவர் முடிவு பண்ணட்டும். திருநெல்வேலி பக்கத்துல ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரியிலயும் கேக்கலாம்.