30 நாள் இலவசமாம், 8 நாள் லைசென்ஸுக்கே போச்சு

"30 நாள் இலவசம்" என்று சாப்ட்வேர் விற்கிறவர்கள் கொட்டை எழுத்தில் போடுகிறார்களே, எந்த நாளிலிருந்து எண்ணுவார்கள் என்பதையும் அதே எழுத்தில் போட்டால் என்ன? பட்டனை அழுத்திய நிமிடத்திலிருந்தே நாள் ஓடுகிறது!

கோயம்புத்தூரில் சின்ன பம்ப் பட்டறை எங்களுடையது. பம்பின் வெளிக்கூடான கேசிங் ஒன்றில், போல்ட் போட்டு இணைக்கும் விளிம்பான ஃபிளேஞ்சுக்குப் பக்கத்தில் திரும்பத் திரும்ப விரிசல். அந்த இடத்தில் ஸ்ட்ரெஸ் (உலோகத்துக்குள் ஏறும் தகைவு) எவ்வளவு வருகிறது என்று கம்ப்யூட்டரில் கணக்கிட்டுப் பார்க்கத்தான் ஒரு சிமுலேஷன் சாப்ட்வேரின் ட்ரையலுக்குப் பதிவு செய்தேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம். டவுன்லோடுக்கு ஒரு ராத்திரி. அப்புறம் லைசென்ஸ் ஏறவில்லை. உதவி கேட்டு மெயில் போட்டால் மூன்று நாள் பதில் இல்லை. ஆனால் "எத்தனை லைசென்ஸ் வாங்குவீங்க சார்?" என்று விற்பனைப் பிரிவிலிருந்து ஒரு மணி நேரத்தில் போன் வந்துவிட்டது. அடுத்த வாரம் சனிக்கிழமைதான் கணக்குப் போடும் பகுதியான சால்வர் ஓடியது.

சரி, ஓடியதே என்று பார்த்தால் நோடு எண்ணிக்கைக்கு வரம்பு. மாடலைச் சின்னச் சின்னத் துண்டுகளாகப் பிரித்துத்தான் கணக்குப் போடும்; அந்த வலைதான் மெஷ், துண்டுகள் சேரும் புள்ளிகள்தான் நோடு. இதுதான் எனக்கு ஆறவே இல்லை. மெஷ்ஷை ஒரு தடவை போட்டு வருகிற எண்ணை யார் நம்புவது? குறைந்தது மூன்று தடவையாவது பொடியாக்கிப் பார்த்து, ஸ்ட்ரெஸ் ஒரு இடத்தில் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். ஃபில்லட் (மூலையை வளைவாக்குவது) இல்லாத கூர்மையான உள்மூலையில் அது நிற்கவே நிற்காது, ஏறிக்கொண்டே போகும். எனக்கு இரண்டாவது மெஷ்ஷிலேயே வரம்பு இடித்துவிட்டது. இதை விற்கிறவர்களுக்கு இது தெரியாதா? அபாகஸ் என்ற இன்னொரு சிமுலேஷன் சாப்ட்வேரின் இலவசக் கற்றல் பதிப்பில் 1000 நோடுதான், ஆனால் அதை முன்னாலேயே சொல்லிவிடுகிறார்கள்.

31-ஆம் நாள் ரிசல்ட் ஃபைலும் திறக்கவில்லை. என் கேசிங், என் உழைப்பு!

தயவுசெய்து மாடல் தயாராகும் வரை பதிவே செய்யாதீர்கள். தேவையில்லாத ஓட்டை, போல்ட் எல்லாம் எடுத்து ஸ்டெப் ஃபைலை (3டி மாடல் இருக்கும் ஃபைல்) சுத்தம் பண்ணுங்கள். லோடு, தாங்கும் இடம், மெட்டீரியல் எண்கள் எல்லாம் தாளில் இருக்கட்டும். கைக்கணக்கும் ஒன்று போட்டு வையுங்கள். கால்குலிக்ஸ் என்ற சிமுலேஷன் சாப்ட்வேர் இலவசம், நாள் கணக்கும் கிடையாது, தடுமாறுவதையெல்லாம் அதில் தடுமாறிவிடுங்கள். ட்ரையல் கிடைத்ததும் தினமும் ரிசல்ட்டைப் படமாகவும் எண்களாகவும் வெளியே எடுத்து வையுங்கள்.

இன்று காலையிலும் விற்பனைக்காரர் கூப்பிட்டார். முதலில் என் ஃபைலைத் திறந்து கொடுங்கள், அப்புறம் விலை பேசலாம் என்று சொல்லிவிட்டேன்.