‘ஜெராக்ஸ் கடை’ என்ற பெயரில் ஒரு எண்

பன்னிரண்டாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கும் நான், சென்ற ஆண்டு அரையாண்டுத் தேர்வு முடிந்த வாரத்தில், ஒரு மாணவியின் ரஃப் நோட்டின் பின்னட்டையில் 14416 என்ற எண்ணையும் அதன் அருகே ‘ஜெராக்ஸ் கடை’ என்று எழுதியிருப்பதையும் பார்த்தேன். கேட்டபோது முதலில் சிரித்து மழுப்பினாள். வீட்டில் இருப்பது அப்பாவின் போன் ஒன்றுதான் என்றும், அதில் அந்த எண்ணை இந்தப் பெயரில் சேமித்திருப்பதாகவும், பேசி முடித்ததும் அழைப்புப் பட்டியலிலிருந்து அழித்துவிடுவதாகவும் பிறகு சொன்னாள். “அழிக்க மறந்தாலும் ஜெராக்ஸ் கடைதானே மிஸ்!” (இப்போது கல்லூரியில் படிக்கும் அவளிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.)

14416 என்பது, 2022 அக்டோபர் 10 அன்று, உலக மனநல நாளில் ஒன்றிய அரசு தொடங்கிய டெலி மானஸ் என்ற தொலைபேசிவழி மனநல ஆலோசனைச் சேவையின் எண். தமிழ்நாட்டில் இதனை ‘நட்புடன் உங்களோடு’ என்ற பெயரில் நடத்துகிறார்கள். இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம். முதலில் பயிற்சி பெற்ற ஆலோசகர் பேசுவார், தேவையென்றால் மனநல மருத்துவரிடம் இணைப்பார்கள். பட்டன் போனிலிருந்தும் அழைக்கலாம் என்பதைத்தான் நான் இதன் பெரிய சிறப்பாகக் கருதுகிறேன்.

இளையோரின் மனநலத்துக்கு எந்தச் செயலி நல்லது என்று என்னிடம் கேட்கும் பெற்றோர் பலர், பிள்ளைக்குத் தனியே பேச வீட்டில் ஓர் இடம் உண்டா என்பதை யோசிப்பதில்லை. ஒற்றை அறை வீட்டில், தம்பி பக்கத்தில் படுத்திருக்க, ‘எனக்குப் பயமாக இருக்கிறது’ என்று எந்தப் பிள்ளை வாய்விட்டுச் சொல்லும்? தட்டச்சு செய்து பேசும் செயலிகள் இந்த இடத்தில் உதவும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால், தட்டச்சு செய்தவை எங்கே போகின்றன என்ற கேள்வி இருக்கிறது. இணையவழி ஆலோசனை வழங்கும் பெட்டர்ஹெல்ப் நிறுவனம், பயனர்களின் மனநலம் சார்ந்த விவரங்களை விளம்பரத்துக்காக முகநூல் போன்ற தளங்களுக்குக் கொடுத்ததாக அமெரிக்க வர்த்தக ஆணையம் குற்றம் சாட்டி, 2023இல் 78 லட்சம் டாலர் செலுத்த வைத்தது. மனநலம் குறித்துப் பேசினால் கணினியே பதில் சொல்லும் வோபாட் என்ற உரையாடல் செயலியோ 2025 ஜூனில் மூடப்பட்டது. அன்றாடம் மனம் விட்டுப் பேசிய ஒன்று திடீரென இல்லாமல் போவதைப் பதினேழு வயதுப் பிள்ளை எப்படி எடுத்துக்கொள்ளும் என்று அதை மூடியவர்கள் யோசித்தார்களா, தெரியவில்லை.

அதனால், புதுச் செயலி எதையும் நான் கேட்கவில்லை. எங்கள் பள்ளி நூலகத்தை ஒட்டிப் பழைய நாற்காலிகள் அடுக்கிய சிறிய அறை ஒன்று உண்டு. அங்கே ஒரு தொலைபேசி வைத்து, யார் பேசினார்கள் என்று எந்தப் பதிவேட்டிலும் எழுதாமல், இடைவேளையில் பிள்ளைகள் 14416ஐ அழைக்க விடுங்கள் என்று எழுதிக் கொடுத்தேன். யோசனை நல்லது என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். அறைச் சாவி யாரிடம் இருக்க வேண்டும், உள்ளே போகும் பிள்ளை யாரிடம் அனுமதி கேட்க வேண்டும் என்று மூன்று வாரமாகப் பேசிக்கொண்டிருக்கிறோம்.