யோனாவுக்கு எதற்கு ஒரு காதலி?

சென்னையில் உதவி இயக்குநராக இருக்கும் அக்கா மகன் போன வாரம் குளச்சலுக்கு வந்திருந்தான். கையில் ஒரு ஸ்கிரிப்ட். பைபிளில் வரும் இறைவாக்கினர் யோனாவின் கதை, இரண்டேகால் மணி நேரப் படம். நினிவே ஊர் அழியப்போகிறது என்று போய்ச் சொல்லக் கடவுள் அனுப்ப, வேறு பக்கம் கப்பலேறி ஓடியவன் இந்த யோனா. வாசித்துவிட்டுச் சொல்லுங்க மாமா என்றான். வாசித்தேன். அவன் கப்பலேறிய யோப்பா துறைமுகத்தில் அவனுக்கு ஒரு காதலி. கப்பலில் ஒரு வில்லன். இடைவேளைக்கு முன்னால் கடற்கொள்ளையரோடு சண்டை.

"பைபிள்ல நாலு அதிகாரம்தான மாமா இருக்கு. 48 வசனம். அத வச்சு எப்பிடி ஒரு முழுப் படம் எடுக்க?"

எனக்கு அங்கேதான் கோபம் வந்தது. கதை சின்னது என்றால் வெளியிலிருந்து சரக்கு ஏற்ற வேண்டும் என்று யார் சொன்னது? 2014-ல் வந்த ஹாலிவுட் 'நோவா'விலும் இதே வேலைதான். பைபிளின் முதல் புத்தகமான தொடக்க நூலில் வெண்கல, இரும்புக் கொல்லன் என்று ஒரே வசனத்தில் வந்துபோகிற தூபால்காயினை வில்லனாக்கி, வெள்ளத்துக்குத் தப்ப நோவா கட்டிய பேழைக்குள் ஒளித்து வைத்தார்கள். இத்தனைக்கும் வெள்ளம் வடிந்து, திராட்சை மது குடித்து, போதை தெளியும்வரை நோவா பேசியதாக பைபிளில் ஒரு வார்த்தை கிடையாது. உலகமே மூழ்கும்போது வாய் திறக்காத மனிதன்! அவன் இருக்கும்போது வில்லன் வேறு வேண்டுமா?

கடவுள் கேட்டதற்காக மகனைப் பலிகொடுக்கக் கூட்டிப்போன ஆபிரகாம் கதையிலும் அப்படித்தான். ஒரு வசனத்தில் கழுதைக்குச் சேணம் கட்டுகிறார், அடுத்த வசனத்தில் மூன்றாம் நாள். நடுவில் அந்தப் பையனோடு என்ன பேசினார், ராத்திரி தூங்கினாரா, எதுவும் இல்லை. படமே அங்கேதான் இருக்கிறது.

சரி, யோனாவுக்கு வருகிறேன். என் பாட்டா கட்டுமரத்தில் போனவர். ராத்திரி ஜெபமாலை முடிந்ததும் என்னை பைபிள் வாசிக்கச் சொல்வார். யோனாவை விழுங்கிய மீன் அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. அது வருவதும் மொத்தம் மூன்று வசனத்தில்தான். அவருக்கு முதல் அதிகாரம் போதும். "அந்தக் கப்பல்காரனுவ நல்லவனுவ மக்ளே" என்பார். புயலுக்குக் காரணம் யோனாதான் என்று சீட்டுப் போட்டுத் தெரிந்துவிட்டது. என்னைத் தூக்கிக் கடலில் போடுங்கள் என்று அவனே சொல்லிவிட்டான். ஆனாலும் போடவில்லை. கரைசேர்க்கப் பார்த்துத் தண்டு வலிக்கிறார்கள், அதாவது துடுப்புப் போடுகிறார்கள். கட்டணம் கொடுத்து ஏறிய, முன்பின் தெரியாத, வேறு சாமி கும்பிடுகிற ஒருவனுக்காக. அந்த இடத்தில் பாட்டா என்னை நிறுத்தச் சொல்லிவிட்டு, கச்சான் காற்றுக்கு எதிரே துடுப்புப் போட்டால் எங்கே வலிக்கும் என்று என் தோள்பட்டையில் கட்டைவிரலை வைத்து அழுத்திக் காட்டுவார். அந்த ஒரு வசனத்தில் இருபது நிமிடப் படம் இருக்கிறது. 2017-ல் ஒக்கி புயல் அடித்த பிறகு எனக்கு அந்த வசனத்தை ஒரே மூச்சில் வாசிக்க வருவதில்லை.

ஸ்கிரிப்டில் கிளைமாக்ஸ் இன்னும் மோசம். யோனா மனம் திருந்தி ஒரு நினிவே குழந்தையைத் தூக்கிக் கொஞ்சுகிறான். பைபிளிலோ, நினிவே மக்கள் மனம் திருந்தியதால் ஊர் அழியவில்லையே என்று கோபித்துக்கொண்டு வெளியே போய் உட்கார்ந்திருக்கிறான். நிழல் தந்த செடி வாடியதற்காகச் சாகிறேன் என்கிறான். 1,20,000 பேருக்கு மேல் இருக்கிற ஊர், ஆடுமாடுகளும் ஏராளம், நான் இரக்கப்படக் கூடாதா என்று கடவுள் கேட்கிறார். அத்தோடு புத்தகம் முடிந்துவிடுகிறது. யோனா பதிலே சொல்வதில்லை. அந்தக் கேள்வியோடு தியேட்டரில் லைட்டைப் போட வேண்டாமா?

நேற்று போன் பண்ணினான். கொள்ளையரை எடுத்துவிட்டானாம், காதலி இருப்பாளாம். புரொடியூசர் விடமாட்டாராம். ஒரு நாள் வள்ளத்தில் கூட்டிப்போகிறேன், தண்டு வலித்துப் பார்த்துவிட்டு எழுது என்று சொல்லியிருக்கிறேன். வருகிறேன் என்றான். அவனுக்கு வள்ளத்தில் கால் வைத்தாலே வாந்தி வரும்.