கோச் கே போன பிறகு வந்தவர்

சான் அன்டோனியோவில் ட்யூக் பல்கலைக்கழகத்தின் பேஸ்கட்பால் டீம் தோற்றதிலிருந்து ஒரே பாட்டுதான். “கே இருந்திருந்தா விட்டிருப்பாரா?” (கே, முந்தைய கோச். அவருக்குப் பிறகு வந்தவர் ஜான் ஷயர்.) வட கரோலைனாவில் இருப்பவர்களுக்குத் தெரியும், இங்கே காலேஜ் பேஸ்கட்பால் பேச்சிலிருந்து தப்பிக்க முடியாது. அலுவலகத்தில், முடிவெட்டும் கடையில், நம்ம ஆட்களின் வாட்ஸ்அப் குழுவில்கூட இதே பேச்சு.

பார்க்காதவர்களுக்குச் சுருக்கமாக. 2025 ஏப்ரல் 5, ஃபைனல் ஃபோர், அதாவது நாடு தழுவிய என்.சி.ஏ.ஏ. கல்லூரிப் போட்டியின் அரையிறுதி, எதிரே ஹூஸ்டன். எட்டு நிமிடம் மிச்சமிருக்கும்போது ட்யூக் 14 புள்ளி முன்னே. 35 விநாடி இருக்கும்போதுகூட 6 புள்ளி முன்னே. அப்புறம் ஹூஸ்டன் ஒரு மூன்று புள்ளி போட்டது. ட்யூக் பந்தை உள்ளே வீசியதுமே பறித்து ஒரு டங்க். ட்யூக்கின் டைரீஸ் ப்ராக்டர் ஃபவுலுக்குக் கிடைத்த ஃப்ரீ த்ரோவைத் தவறவிட்டார். திரும்பி வந்த பந்துக்குத் தாவிய ட்யூக்கின் கூப்பர் ஃப்ளாக் ஃபவுல் செய்தார் என்று விசில். ஹூஸ்டனின் ஜேவான் ராபர்ட்ஸ் இரண்டு ஃப்ரீ த்ரோவையும் உள்ளே போட்டார், ஹூஸ்டன் முன்னே. கதை முடிந்தது, கடைசிக் கணக்கு 70-67. கடைசிப் பத்து நிமிடத்துக்கும் மேலாக ட்யூக் போட்ட ஃபீல்ட் கோல் (ஃப்ரீ த்ரோ அல்லாத கூடை) ஒன்றே ஒன்று.

கோச் ஜான் ஷயரைத் திட்ட இதில் நிறையவே இருக்கிறது. திட்டட்டும். ஆனால் மைக் ஷிஷெவ்ஸ்கியை, அதாவது கோச் கேவை, பக்கத்தில் நிறுத்தி வைத்துக்கொண்டு திட்டுவதுதான் எனக்குப் புரியவில்லை. 42 சீசன், 5 சாம்பியன்ஷிப். ட்யூக்கின் கேமரூன் அரங்கின் ஆடுகளத்துக்கே அவர் பெயர்தான். எல்லாம் சரி. அதே கேயின் டீம்தான் 2012-ல் முதல் சுற்றிலேயே லீஹை என்ற சின்னக் கல்லூரியிடம் தோற்றது. 2014-ல் மெர்சரிடம். 1999-ல் சீசன் முழுக்க ஒரே ஒரு தோல்வியோடு இறுதி ஆட்டத்துக்கு வந்து கனெக்டிகட்டிடம் கோட்டைவிட்டது. அவர் விலகுவதற்கு முந்தைய 2020-21 சீசனில் 13 வெற்றி, 11 தோல்வி, என்.சி.ஏ.ஏ. போட்டிக்கே போகவில்லை. இதெல்லாம் இப்போது யார் வாயிலும் வருவதில்லை. மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம்.

ஒப்பிட்டே ஆகவேண்டுமென்றால் தொடக்கத்தைத் தொடக்கத்தோடு ஒப்பிடுங்கள். 1980-ல் கே வந்தபோது அவரும் நல்ல பெயர் எடுத்த ஒருவரின் நாற்காலியில்தான் உட்கார்ந்தார். பில் ஃபாஸ்டர் 1978-ல் டீமை இறுதி ஆட்டம் வரை கூட்டிப்போனவர். கேயின் முதல் மூன்று சீசன் கணக்கு 38 வெற்றி, 47 தோல்வி. 1983-ல் வர்ஜீனியாவிடம் 109-66. நன்கொடை கொடுக்கும் பெரிய மனிதர்கள் அவரை வீட்டுக்கு அனுப்பச் சொன்னார்கள். விளையாட்டு இயக்குநர் டாம் பட்டர்ஸ் அசையவில்லை, 1984-ல் ஒப்பந்தத்தை நீட்டித்தார். ஷயரின் முதல் மூன்று சீசன் 89 வெற்றி, 22 தோல்வி.

இந்த இடத்தில் எல்லோரும் “ஆகவே புது கோச்சுக்கு நேரம் கொடுங்கள்” என்று முடிப்பார்கள். நான் அந்தக் கட்சியும் இல்லை. பட்டர்ஸ் காத்திருந்தது பலித்ததால் அந்தக் கதை நமக்குத் தெரிகிறது. காத்திருந்து ஏமாந்த கல்லூரிகளின் கதையை யார் சொல்கிறார்கள்? வில்லனோவா பல்கலைக்கழகத்தைப் பாருங்கள். இரண்டு சாம்பியன்ஷிப் வென்ற ஜே ரைட் 2022-ல் ஓய்வு பெற்றார். அவரிடம் உதவியாளராக இருந்த கைல் நெப்டியூன் வந்தார். மூன்று சீசனில் 54 வெற்றி, 47 தோல்வி. ஒருமுறைகூட என்.சி.ஏ.ஏ. போட்டிக்குள் நுழையவில்லை. 2025 மார்ச்சில் அனுப்பிவிட்டார்கள். என்னைக் கேட்டால் அது சரியான முடிவு. ரைட்டின் பாரம் தோளில் இருந்தது உண்மைதான். அதற்காக என்.சி.ஏ.ஏ. போட்டி நடக்கும் மார்ச் மாதத்தில் வீட்டில் உட்கார்ந்து டி.வி. பார்க்கும் டீமுக்குச் சமாதானம் சொல்ல முடியாது.

இன்னொரு கோடியில் லாஸ் ஏஞ்சலிஸின் யு.சி.எல்.ஏ. பல்கலைக்கழகம். அங்கே கோச் ஜான் வுடன் 12 வருடத்தில் 10 பட்டம் வாங்கிவிட்டு 1975-ல் கிளம்பினார். அடுத்து வந்த ஜீன் பார்ட்டோ இரண்டு சீசனில் 52 ஆட்டம் வென்றார், 9 தோற்றார். முதல் சீசனிலேயே ஃபைனல் ஃபோர். போதவில்லை! வசவு தாங்காமல் 1977-ல் அலபாமாவின் பர்மிங்ஹாமுக்குப் போனார், பேஸ்கட்பால் டீமே இல்லாத ஒரு பல்கலைக்கழகத்துக்கு. அங்கே ஒன்றுமில்லாததிலிருந்து ஒரு டீமைக் கட்டினார். இன்று அங்குள்ள பேஸ்கட்பால் அரங்குக்கு அவர் பெயர். யு.சி.எல்.ஏ. ரசிகர்கள் அடுத்த பட்டத்துக்கு 1995 வரை காத்திருந்தார்கள். (பார்ட்டோவை விரட்டியவர்களில் எத்தனை பேர் அதற்குள் “பார்ட்டோவே பரவாயில்லை” என்று சொல்லியிருப்பார்களோ!)

இன்னொன்றும் மாறிவிட்டது. முன்பெல்லாம் பழைய கோச் சேர்த்த பையன்கள் நான்கு வருடம் இருப்பார்கள், புதியவர் தன் ஆட்களைக் கொண்டுவர மூன்று வருடமாவது ஆகும். இன்று வீரர்கள் கல்லூரி மாற டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் இருக்கிறது, 2021-லிருந்து வீரர்கள் தங்கள் பெயரை வைத்துச் சம்பாதிக்கவும் முடிகிறது. ஒரு கோடைக்குள் டீமையே மாற்றிவிடலாம். ஷயரே அதைத்தான் செய்தார். 2024-ல் ஜெரமி ரோச் உட்பட ஒரு கூட்டமே கிளம்பியது. ஃப்ளாக், கான் நூப்பல், கமான் மலுவாச் என்று முதலாண்டுப் பையன்களையும், டுலேனிலிருந்து சயன் ஜேம்ஸ் போன்ற மூத்தவர்களையும் கொண்டுவந்து 35 ஆட்டம் வென்றார். அதனால் “இன்னும் பழைய டீம்தான்” என்ற சாக்கு இனி எந்தப் புது கோச்சுக்கும் செல்லாது. ட்யூக்கின் பெயரும் பணமும் ஷயருக்குக் கிடைத்த சீதனம் என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். இந்த ஆட்களை லீஹைக்குக் கூட்டிவர யாராலும் முடியாது.

சரி, அவர் மேல் எனக்கு என்னதான் குறை? 2024-25-ல் ட்யூக் தோற்றது நான்கே ஆட்டம். கென்டக்கியிடம் 5 புள்ளியில், கேன்சஸிடம் 3, கிளெம்சனிடம் 6, ஹூஸ்டனிடம் 3. வென்றதில் பெரும்பாலானவை கிழித்துத் தொங்கவிட்ட வெற்றிகள். ஓங்கி அடிக்கத் தெரிகிறது, இழுபறியில் கை நடுங்குகிறது. 20 புள்ளி முன்னிலையிலேயே சீசன் முழுக்க ஆடிய பையன்களுக்குக் கடைசி நான்கு நிமிடம் எப்படிப் பழக்கமாகும்? அதைப் பயிற்சியில் உண்டாக்குவது கோச்சின் வேலை. நெருக்கும்போது பந்தை உள்ளே வீச ஒரு நம்பகமான ஏற்பாடு, கடைசி ஷாட்டுக்கு ஃப்ளாக் மாதிரி ஒருவரைத் தவிர இரண்டாவதாக ஒரு வழி. அடுத்த சீசனில் நான் பார்க்கப்போவது இந்த இரண்டையும்தான். நவம்பரில் யாரை 40 புள்ளியில் அடித்தார்கள் என்று எனக்கு மெசேஜ் அனுப்பவேண்டாம்.