பனியை வெட்டாமல் இறங்கி வருபவர்கள்

பெருவின் கூஸ்கோ பகுதியில் வாழும் கெச்சுவா மக்கள் பெரிய மலைகளை 'அப்பு' என்று அழைத்து, உயிருள்ள காவலர்களாக வணங்குகிறார்கள். 6,300 மீட்டருக்கும் மேல் உயர்ந்து நிற்கும் அவுசங்காத்தே அவற்றுள் தலையாயது. பழுதில்லாத மூன்று கொக்கா இலைகளைத் தேர்ந்தெடுத்து, விரல்களுக்கிடையே பிடித்து, மலையின் பெயரைச் சொல்லி அவற்றின் மீது மெல்ல மூச்சை ஊதுவது அவர்களுடைய அன்றாட வழிபாடு. மழையும் மந்தையும் அந்த மலையின் பொறுப்பில் இருப்பதால், அதற்குச் சேரவேண்டியதைச் செலுத்துவது கடமை என்று கருதுகிறார்கள்.

அந்தக் கடமையின் பெருவிழா, மே மாத இறுதியிலோ ஜூனிலோ சினக்காரா பள்ளத்தாக்கில் நடைபெறும் கொய்யுர் ரித்தி. பாறையில் பதிந்த கிறிஸ்துவின் உருவத்தைத் தரிசிக்கப் பல்லாயிரம் பேர் ஆட்டமும் இசையுமாக மலையேறி வருகிறார்கள். யுனெஸ்கோ 2011-இல் இதைத் தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. இதில் கத்தோலிக்கம் எவ்வளவு, மலை வழிபாடு எவ்வளவு என்று கூறுபோட்டுப் பார்ப்பது வீண் வேலை என்பது என் எண்ணம். வருபவர்களுக்கு இரண்டும் ஒன்றே.

என் மனத்தை ஆட்கொண்டவர்கள் உக்குக்குகள். பாதி மனிதன், பாதி கரடி என்ற வேடத்தில், கம்பளி முகமூடியும் குஞ்சங்கள் தொங்கும் அங்கியும் அணிந்து, கையில் சாட்டையுடன் விழாவின் ஒழுங்கைக் காப்பவர்கள் இவர்கள். இரவில் கோல்கேபுங்கு பனியாற்றுக்கு ஏறி, பனிக்கட்டியை வெட்டி முதுகில் சுமந்து வருவது இவர்களுடைய நேர்ச்சையாக இருந்தது. அந்தப் பனி உருகிய நீர் நோய் தீர்க்கும் என்றும், வயலையும் கால்நடைகளையும் காக்கும் என்றும் ஊரார் நம்பினார்கள். பனியாறு கண்ணெதிரே சுருங்குவதைக் கண்டு, இந்த நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் அந்த வழக்கத்தைக் கைவிட்டார்கள்.

இதை 'அழிந்துபோன சடங்கு' என்று எழுதுபவர்களோடு என்னால் உடன்பட முடியவில்லை. மலைக்கு வலிக்கிறது என்று தெரிந்ததும் தன் நேர்ச்சையையே குறைத்துக்கொள்வதைவிட உயர்ந்த வழிபாடு எது? இத்தனைக்கும், அவர்கள் முதுகில் சுமந்த கட்டிகளால் எந்தப் பனியாறும் கரைந்துவிடவில்லை. உலகின் வெப்பமண்டலப் பனியாறுகளில் ஏறத்தாழ 70 விழுக்காடு பெருவில்தான் இருக்கிறது. அவற்றைக் கரைக்கும் புகையைக் கக்கியவர்கள் வேறு நாடுகளில், வசதியாக வாழ்கிறார்கள். குறைவாகக் கெடுத்தவர் முதலில் விட்டுக்கொடுப்பது எனக்கு மரியாதையோடு கோபத்தையும் தருகிறது.

அவுசங்காத்தே நிற்கும் அதே மலைத்தொடரில் உள்ள வண்ணமலையான வினிகுங்காவை உள்ளடக்கிய நிலம் 2018-இல் ஒரு கனடிய நிறுவனத்தின் சுரங்க உரிமப் பரப்புக்குள் வந்தது. எதிர்ப்பு எழுந்த பின்னர் அந்நிறுவனம் உரிமத்தை விட்டுவிலகியது. இப்படிப்பட்ட உரிமம் வழங்குவதற்கு முன்பே அங்குள்ள சமூகங்களின் ஒப்புதலைப் பெறுவது கட்டாயமாக இருக்கவேண்டும்.