இன்கமிங் காலுக்கு யார் காசு கட்டுவது?

ஜப்பானுக்குப் போய் வந்தவர்கள் எழுதும் பதிவுகளில் ஒரு பத்தி தவறாமல் இருக்கும். டோக்கியோ ரயிலில் ஒருவர்கூட போனில் பேசவில்லை, ஊசி விழுந்தால் கேட்கும் அமைதி, நம்மூர் பஸ்ஸிலோ நாலு பேர் நாலு ரீல்ஸை ஸ்பீக்கரில் ஓட விடுகிறார்கள், நமக்கு எப்போது இந்த நாகரிகம் வரும் என்று முடியும். கீழே "நம்ம ஜனங்க திருந்தவே மாட்டாங்க" என்று வரிசையாக கமென்ட் விழும்.

பஸ்ஸில் சத்தமாக வைப்பது எனக்கும் எரிச்சல்தான், அதற்கு வக்காலத்து வாங்க வரவில்லை. ஆனால் ஒரு நாட்டு மக்கள் போனை எப்படிப் புழங்குகிறார்கள் என்பதை அவர்களின் பிறவிக் குணமாகச் சொல்லும்போது எனக்குக் கோபம் வருகிறது. அதைப் பெரும்பாலும் முடிவு செய்வது காசை யார் கட்டுகிறார், எவ்வளவு கட்டுகிறார், என்ன விதி போட்டார்கள் என்பதுதான்.

ஜப்பானையே எடுத்துக்கொள்வோம். 1990களில் செல்போன் பரவியபோது அங்கேயும் ரயிலில் உரக்கப் பேசினார்கள், சக பயணிகள் புகார் சொன்னார்கள். ரயில் நிறுவனங்கள் பெட்டிக்குப் பெட்டி அறிவிப்பு ஒட்டின, பேசாதீர்கள் என்று ஒலிபெருக்கியில் திரும்பத் திரும்பச் சொல்லின. முதியோர், நோயாளிகளுக்கான இருக்கைகளுக்குப் பக்கத்தில் போனை அணைத்தே வைக்க வேண்டும் என்றார்கள், பேஸ்மேக்கர் (இதயத் துடிப்பைச் சீராக்கும் கருவி) வைத்திருப்பவர்களுக்குப் போன் அலையால் ஆபத்து வருமோ என்று நினைத்து. டோக்கியோ பக்கத்து ரயில்களில் 2015 அக்டோபரில்தான் அதைக் கூட்டமான நேரத்துக்கு மட்டும் என்று தளர்த்தினார்கள். இன்னொரு பக்கம், 1999லேயே ஐ-மோட் என்ற செல்போன் இணையச் சேவை வந்துவிட்டதால் போனிலேயே மெயில் அனுப்பிப் படிக்க வசதி இருந்தது. வாய்விட்டுப் பேசாமலே வேலை முடிந்தது. வருஷக்கணக்கில் சொல்லிச் சொல்லி வந்த அமைதி அது.

அமெரிக்காவின் கதை வேறு. அங்கே செல்போனுக்குத் தனி எண் வரிசை கொடுக்கவில்லை, வீட்டு போனுக்கு இருந்த அதே ஏரியா கோடுதான். கூப்பிடுகிறவருக்குத் தான் அழைப்பது செல்போனா வீட்டு போனா என்றே தெரியாது. தெரியாதவரிடம் எப்படிக் கூடுதல் காசு வாங்குவது? அதனால் செல்போன் வைத்திருப்பவர் தலையிலேயே கட்டினார்கள், வரும் அழைப்புக்கும் நிமிடக் கணக்கு. ஐரோப்பாவில் செல்போன் எண்ணுக்குத் தனி முன்எண் வைத்தார்கள், கூப்பிடுகிறவர் கட்டினார். அமெரிக்காவில் பல திட்டங்களில் இரவு 9 மணிக்கு மேலும் வார இறுதியிலும் நிமிடம் இலவசம் என்பதால், அதுவரை காத்திருந்து பேசினார்கள். நம்மூரில் இரவுச் சலுகைக்காக எஸ்.டி.டி. பூத் வாசலில் நின்ற கூட்டம் ஞாபகம் இருக்கிறவர்களுக்கு இது புரியும். டாலர் சம்பளக்காரரும் விலை பார்த்துத்தான் பேசினார்.

நம் நாட்டிலும் தொடக்கத்தில் அப்படித்தான். 1995 ஜூலை 31 அன்று மேற்கு வங்க முதல்வர் ஜோதிபாசு கொல்கத்தாவிலிருந்து, டெல்லியில் இருந்த மத்திய தொலைத்தொடர்பு அமைச்சர் சுக்ராமுக்குப் பேசியதுதான் நாட்டின் முதல் செல்போன் அழைப்பு. அப்போது நெரிசல் நேரத்தில் நிமிடத்துக்கு 16 ரூபாய்க்கு மேல், வரும் அழைப்புக்கும் காசு. 2003ல் இன்கமிங் இலவசம் ஆனது. என்னைக் கேட்டால் இந்தியாவில் செல்போனின் வரலாறே அங்கிருந்துதான் தொடங்குகிறது. கையில் பத்து ரூபாய் பேலன்ஸ் இல்லாதவரும் போன் வைத்துக்கொள்ளலாம், யாராவது கூப்பிட்டால் பேசலாம். கொத்தனார், பிளம்பர், பூக்காரம்மா எல்லோர் கைக்கும் போன் வந்தது அதனால்தான்.

மிஸ்டு காலும் அப்படிப் பிறந்ததுதான். எங்கள் வீட்டில் இதற்கு ஒரு சட்டமே இருந்தது. அண்ணன் திருச்சியிலிருந்து வரும்போது ஒரு ரிங் விட்டால் பஸ் ஏறியாச்சு, இரண்டு ரிங் விட்டால் இறங்கியாச்சு, வண்டி எடுத்துக்கொண்டு வா. அப்பா ஸ்டாண்டு போட்ட சைக்கிளைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு போனைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். யாராவது அவசரப்பட்டு எடுத்துவிட்டால் "ஏன் எடுத்த, காசு போச்சு" என்று திட்டு விழும். இதைக் கஞ்சத்தனம் என்று கிண்டல் செய்தார்கள். ஆனால் ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றிலும் இதே பழக்கம் இருந்தது. ஒருவரை ஒருவர் பார்த்துக் கற்றுக்கொள்ளவில்லை. எங்கே பேச்சுக்குக் காசு, மணி அடிப்பதற்குக் காசு இல்லையோ அங்கெல்லாம் மக்கள் தாமாகவே கண்டுபிடித்தார்கள்.

வாட்ஸ்அப்பும் அப்படியே. அமெரிக்காவில் மாதத் திட்டத்தோடு எஸ்.எம்.எஸ். அளவில்லாமல் வந்துவிட்டதால் அங்கே வாட்ஸ்அப்புக்கு அவ்வளவு அவசியம் வரவில்லை. நமக்கோ தீபாவளி, புத்தாண்டு அன்று எஸ்.எம்.எஸ். பேக் போட்டிருந்தாலும் செல்லாது, வாழ்த்து அனுப்பினால் தனிக் காசு. பிறகு வாட்ஸ்அப் வந்ததும் குடும்பத்தோடு அங்கே போய்விட்டோம்.

கென்யாவில் இதைவிடப் பெரிய விஷயம் நடந்தது. 2007 மார்ச்சில் சஃபாரிகாம் என்ற செல்போன் நிறுவனம் போன் வழியே பணம் அனுப்பும் எம்-பெசா சேவையைத் தொடங்கியது. நைரோபியில் வேலை பார்ப்பவர்கள் அதுவரை ஊருக்குப் போகிறவர் கையிலோ பஸ்காரர் கையிலோ பணம் கொடுத்து அனுப்பிக்கொண்டிருந்தார்கள். இப்போது தெருமுனைக் கடையில் ரொக்கம் கொடுத்தால் பட்டன் போனில் ஏறும், ஊரில் அம்மா பக்கத்துக் கடையில் போய் ரொக்கமாக வாங்கிக்கொள்ளலாம். இன்டர்நெட் வேண்டாம், பேங்க் கணக்கும் வேண்டாம். நம் நாட்டில் ரிசர்வ் வங்கி பேங்க் இல்லாமல் அதை அனுமதிக்கவில்லை. அதனால் 2016ல் யுபிஐ வரும்வரை காத்திருந்தோம், அதற்குப் பேங்க் கணக்கு வேண்டும். ஆனால் கென்யாவில் பணம் அனுப்பக் கட்டணம் உண்டு, நமக்கு இல்லை. இரண்டிலும் நல்லது கெட்டது உண்டு. மக்கள் தங்களுக்கு எது கொடுக்கப்பட்டதோ அதைப் பிடித்து முன்னேறினார்கள்.

சரி, இதையெல்லாம் இப்போது ஏன் எழுதுகிறேன்? 2003ல் கிடைத்த அந்த இலவச இன்கமிங் சத்தமில்லாமல் போய்விட்டது, அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்பதால்தான். 2018 கடைசியில் தனியார் செல்போன் நிறுவனங்கள் சில, மாதம் குறைந்தது 35 ரூபாய் போட்டால்தான் சிம் உயிரோடு இருக்கும் என்றன. அதிலும் மாதம் என்றால் 28 நாள், ஆக வருஷத்துக்கு 13 முறை. 2024 ஜூலையில் விலை ஏற்றிய பிறகு பெரிய தனியார் நிறுவனங்களில் அது 200 ரூபாயை ஒட்டி வந்துவிட்டது. போடாவிட்டால் சில நாளில் இன்கமிங்கும் நின்றுவிடும். மகன் கூப்பிட்டால் எடுப்பதைத் தவிர போனில் வேறெதுவும் செய்யாத ஒரு பாட்டி, பார்க்கவே பார்க்காத டேட்டாவுக்கும் சேர்த்துக் காசு கட்டுகிறார். முதியோர் உதவித்தொகையில் வாழ்கிறவருக்கு 200 ரூபாய் சின்னத் தொகை இல்லை. ரீசார்ஜ் முடிந்தது தெரியாமல், பிள்ளைகள் ஏன் கூப்பிடவில்லை என்று காத்திருந்த வயதானவர்களை எங்கள் தெருவிலேயே எனக்குத் தெரியும்.

2024 டிசம்பரில் தொலைத்தொடர்பு நிறுவனங்களுக்கு விதி போடும் ஆணையமான டிராய் ஒரு நல்ல உத்தரவு போட்டது. டேட்டா இல்லாமல் பேச்சுக்கும் எஸ்.எம்.எஸ்.சுக்கும் மட்டும் தனித் திட்டம் கொடுத்தே ஆக வேண்டும் என்றது. திட்டங்களும் வந்தன. ஆனால் கடையில் அதை யாரும் தாமாக எடுத்துச் சொல்வதில்லை. எங்கள் ஊர்க் கடையில் நான் கேட்ட பிறகுதான் தேடிப் பார்த்துச் சொன்னார்கள். விலையும் எதிர்பார்த்த அளவுக்குக் குறையவில்லை.

வயதானவர்களுக்கு வருஷத்துக்கு ஒரு சின்னத் தொகை கட்டினால் இன்கமிங் நிற்காது என்று ஒரு திட்டம் வேண்டும். அதை நிறுவனங்களின் கருணைக்கு விடாமல் டிராய் விதியாகவே போட வேண்டும். அதுவரைக்கும், வெளியூரில் இருக்கிறவர்கள் அம்மா அப்பா போனில் என்ன பேக் ஓடுகிறது, எப்போது முடிகிறது என்று இன்றைக்கே பாருங்கள். டேட்டா தேவைப்படாதவர்களுக்கு வாய்ஸ் மட்டும் உள்ள பேக் எது என்று கடையில் வாய்விட்டுக் கேளுங்கள். உங்கள் பகுதியில் என்ன விலை சொல்கிறார்கள் என்பதையும் கமென்டில் போடுங்கள்.