கடற்கரையை ஒரு நாள் விட்டுவிடுங்கள்

தமிழ்நாட்டிலிருந்து மொரீசியஸுக்கு வருகிறவர்களின் பயணத் திட்டத்தைப் பார்த்தாலே எனக்கு மூச்சு வாங்குகிறது. ஒரு நாள் வடக்கு, மறுநாள் தெற்கு. எரிமலை வாய், கங்கா தலாவ் ஏரி, சமரேலின் ஏழு நிற மண், இடையில் கடைத்தெரு. இறங்குவது, படம் எடுப்பது, மறுபடி வண்டியில் ஏறுவது. ஊருக்குப் போய் "ஓய்வெடுத்துவிட்டு வந்தோம்" என்கிறார்கள். ஓய்வெடுத்தவர் வண்டி ஓட்டியவர்தான்; ஒவ்வொரு நிறுத்தத்திலும் மரத்தடியில் உட்கார்ந்திருந்தவர் அவர் ஒருவரே.

இந்தத் தீவிலேயே பிறந்து வளர்ந்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன்: ஒரு நாளை நடப்பதற்கென்று ஒதுக்குங்கள். கடல் எங்கும் போய்விடாது.

கடற்கரை விடுதியின் தோட்டத்தில் நீங்கள் பார்ப்பது இந்தத் தீவின் இயற்கை அன்று. சவுக்கு வெளியிலிருந்து வந்தது, காகிதப்பூ வெளியிலிருந்து வந்தது. சாப்பாட்டு மேசையில் வந்து ரொட்டித் துணுக்கைத் திருடும் செம்மீசைச் சின்னான் நம் ஊர்ப் பறவை. மைனாவை 1762இல் வெட்டுக்கிளிகளைத் தின்னட்டும் என்று இந்தியாவிலிருந்து கொண்டுவந்தார்கள். ஒப்பந்தக் கூலிகள் 1834 முதல் கரும்புத் தோட்டங்களுக்கு வந்தார்கள் என்று கணக்குப் பார்த்தால், மைனா எங்களுக்கு எழுபது ஆண்டு மூத்த குடி. திருச்சியிலிருந்து வந்திருந்த நண்பரின் மனைவி மைனாவைப் பார்த்துவிட்டு, "இதைப் பார்க்கவா அண்ணா விமானம் ஏறி வந்தோம்? எங்கள் மொட்டை மாடியிலேயே இருக்கிறதே" என்றார். நியாயமான கேள்வி. அதனால்தான் அவர்களைப் பெத்ரேனுக்கு அழைத்துப் போனேன்.

பெத்ரேன், 1994இல் அமைக்கப்பட்ட பிளாக் ரிவர் கோர்ஜஸ் தேசியப் பூங்காவின் மேட்டு வாசல். அங்கிருந்து மக்காபே காட்டுக்குள் அகலமான மண்பாதை போகிறது. காட்சி முனை வரை ஏற்றம் என்று பெரிதாக ஒன்றுமில்லை. அதற்கப்பால் பள்ளத்தாக்குக்குள் இறங்கும் பாதை செங்குத்து, முழங்கால் வலி உள்ளவர்கள் வந்த வழியே திரும்பிவிடலாம். ஆளைக் கொல்லும் விஷப்பாம்போ கொடிய விலங்கோ இத்தீவில் இல்லை. பயம் மழைக்கு மட்டும்தான்.

பாதையின் இரு பக்கமும் பச்சைப் பசேல் என்று இருக்கும். அதைப் பார்த்து மயங்கிவிட வேண்டாம். பாதிக்கு மேல் சீனக் கொய்யா. நெல்லிக்காய் அளவில் சிவப்புச் சிவப்பாய்ப் பழுக்கும். உப்பும் மிளகாயும் தொட்டு நாங்கள் வயிறு நிறையத் தின்போம். பிரேசிலிலிருந்து வந்த அந்தச் செடிதான் இந்தக் காட்டின் கழுத்தை நெரிக்கிறது. குச்சி குச்சியாக நெருங்கி வளர்ந்து, கீழே ஒரு நாட்டு மரக்கன்று முளைக்க இடம் தராது. நல்ல நிலையில் உள்ள இயற்கைக் காடு இன்று தீவின் பரப்பில் இரண்டு சதவீதம்கூட இல்லை.

சற்றுத் தூரம் போனால் வேலி வரும். மானும் பன்றியும் நுழையாதபடி அடைத்து, உள்ளே கொய்யாவைக் கையால் பிடுங்கி எறிந்திருக்கிறார்கள். அங்கே ஐந்து நிமிடம் நில்லுங்கள். வேலிக்கு வெளியே ஒரே உயரத்தில் ஒரே இலை. உள்ளே பாசி படர்ந்த அடிமரம், அதைப் பிடித்து வளரும் பெரணி, பெரணிக்கடியில் விரல் நீளத்தில் கன்றுகள். கருங்காலி மரமும் இருக்கிறது. 1598இல் வந்திறங்கிய டச்சுக்காரர்கள் இதைத்தான் வெட்டி வெட்டிக் கப்பலேற்றினார்கள். கருங்காலி மாலைக்கு இன்று கடை கடையாய் அலையும் நம்மவர்கள், உயிரோடு நிற்கும் கருங்காலியை ஒருமுறை தொட்டுப் பார்க்கலாம். மிக மெல்ல வளரும் மரம்.

அந்த வேலியருகே ஒரு கிளையைக் காட்டி, "அண்ணா, புறாவுக்கு யாரோ சாயம் பூசிவிட்டார்கள்" என்றார் அந்த அம்மாள். நான் அதைக் கவனிக்கவே இல்லை. தலையும் மார்பும் வெளிறிய ரோஜா நிறம், இறக்கை பழுப்பு, வால் துரு நிறம், காலில் வண்ண வளையங்கள். எங்களைப் பொருட்படுத்தாமல் ஒரு இலையைத் திருகித் திருகிப் பிய்த்துக்கொண்டிருந்தது. உலகில் வேறெங்கும் இயற்கையாக இல்லாத இளஞ்சிவப்புப் புறா. 1990 வாக்கில் காட்டில் ஏறத்தாழ 10தான் மிஞ்சியிருந்தன. இன்று சில நூறு. மொரீசியஸ் வல்லூறின் கதை இன்னும் மோசம். மலேரியாவுக்குத் தெளித்த டிடிடி பூச்சிமருந்தும் காடழிப்பும் சேர்ந்து, 1974இல் காட்டில் அறியப்பட்டவை 4 மட்டுமே. கார்ல் ஜோன்ஸ் போன்ற பறவைப் பாதுகாப்பாளர்கள் கூட்டிலிருந்து முட்டையை எடுத்துப் பொரிக்கவைத்து மீட்டார்கள். இங்கே வாழ்ந்து அழிந்த டோடோ பறவையின் பொம்மையை வாங்கிப் போகிறவர்களில் எத்தனை பேர் இந்தப் புறாவின் பெயரைக் கேட்டிருப்பார்கள்? அழிந்ததைப் பொம்மையாக்கி விற்பதில் எங்கள் ஊர்க் கடைகளுக்கு இருக்கும் அக்கறை, பிழைத்ததைக் காட்டுவதில் இல்லை.

எங்கள் ஆட்களிடமும் எனக்கு ஒரு சண்டை உண்டு. லிச்சி பழுக்கும் நவம்பர், டிசம்பரில் பழந்தின்னி வௌவாலைத் திட்டாத வீடு இல்லை. 2015இலிருந்து அரசே பல முறை ஆயிரக்கணக்கில் சுட்டுக் கொன்றது. என் வீட்டு லிச்சியையும்தான் தின்கிறது. வலை போட்டிருக்கிறேன், மிச்சம் அதன் பங்கு. நாட்டு மரங்களின் பெரிய பழங்களைத் தின்று விதையைத் தூரத்தில் கொண்டுபோய்ப் போட இன்று வௌவாலை விட்டால் யார் இருக்கிறார்கள்? மாலையில் மக்காபே முனையில் நின்றால் அது பள்ளத்தாக்கின் மேல் இறக்கை அசைக்காமல் மிதப்பதைப் பார்க்கலாம். நண்பர் முதலில் பருந்து என்றே நினைத்தார்.

சாப்பாட்டுக்குக் காத்தோ பிமான் வாங்கிக்கொள்ளுங்கள். நம் பருப்பு வடையின் தம்பி. ரொட்டிக்குள் வெண்ணெயோடு வைத்துத் தருவார்கள், ஆறினாலும் நன்றாக இருக்கும். குரங்குகள் வந்து கைநீட்டும். கொடுக்காதீர்கள். அவையும் வெளியிலிருந்து வந்தவை; புறாவின் முட்டையையும் குஞ்சையும் தின்பவை.

வயதானவர்களும் குழந்தைகளும் உடன் இருந்தால் மாயேபூர் பக்கம் இல் ஓ எக்ரெத்துக்குப் போகலாம். கரையிலிருந்து படகில் சிறிது நேரம். 26 ஹெக்டேர் சமதளப் பவளத் தீவு, நிழல், பாதையின் குறுக்கே வந்து படுத்துக்கொள்ளும் பெரிய ஆமைகள். இங்கிருந்த ஆமை இனங்கள் அழிந்துபோனதால், விதை பரப்பும் வேலைக்கு செஷல்ஸ் நாட்டு அல்டாப்ரா தீவின் ஆமைகளைக் கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள். வழிகாட்டியோடுதான் நுழைய முடியும், நினைத்த இடத்தில் சுற்ற முடியாது. டிக்கெட் விலையைக் கேட்டு முகம் சுளிக்க வேண்டாம், அந்தப் பணம் பாதுகாப்புப் பணிக்குத்தான் போகிறது. காலைப் படகில் இடம் கேளுங்கள். வெயில் ஏறிவிட்டால் ஆமைகள் நிழலை விட்டு அசைவதில்லை.